மூடுபனியிலும் வகுப்பு நடக்கிறது: எங்கள் பள்ளி ரேடியோ தொலைநோக்கி

ஊட்டியில் வானியல் சொல்லிக்கொடுப்பவருக்கு மூடுபனிதான் பெரிய தொல்லை. ஜூனில் மழை பிடித்துவிட்டால் லென்ஸ் தொலைநோக்கி மாதக்கணக்கில் பெட்டியிலேயே கிடக்கும். அதனால்தான் பள்ளி மொட்டைமாடியில் ரேடியோ அலையைப் பிடிக்கும், புனல்போல் விரிந்த கொம்பு ஆன்டெனா ஒன்றைக் கட்டினோம். சில ஆண்டுகள் வகுப்பில் புழங்கியபின் சொல்கிறேன், மலைப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான வானியல் கருவியை நான் பார்த்ததில்லை.

பால்வழியின் ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலை அனுப்புகிறது. அலைநீளம் 21 செ.மீ. மேகமோ வெயிலோ அதை மறைக்காது. ஜனவரியில் பால்வழி ஓடும் சிக்னஸ் விண்மீன் கூட்டப் பகுதி நண்பகலை ஒட்டி உச்சிக்கு வருகிறது, அதாவது பள்ளி நேரத்திலேயே!

கொம்பின் அடியில் தகரப் பெட்டி, அதற்குள் கால் அலைநீளத்துக்குச் செம்புக் கம்பி, இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர், ரேடியோ சிக்னலை லேப்டாப்புக்கு எண்களாக மாற்றித் தரும் எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பி ரிசீவர்), லேப்டாப். கருவி இவ்வளவுதான். கொம்பை முதலில் அலுமினியத் தாள் ஒட்டிய தெர்மாகோல் பலகையில் செய்தோம். ஒரே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் உரிந்துவிட்டது. இப்போது சிறுகண் கம்பிவலை, காற்றுக்கும் தாங்குகிறது.

"ஓட்டை வழியா சிக்னல் போயிடாதா சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஊட்டி அருகே முத்தொரைக்கு அழைத்துப்போய் 1970இல் கட்டிமுடித்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் காட்டினேன். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அலையைத் திருப்புவது வரிசையாகக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிகள்தான். இடைவெளி அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் போதும். அந்த மலைச்சரிவு ஏறக்குறைய 11 பாகை, ஊட்டியின் அட்சரேகை அளவு. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஒரே அச்சில் சுழற்றி ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். அதை வடிவமைத்த ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இப்படிப்பட்ட சரிவைத் தேடித்தான் நீலகிரிக்கு வந்தார். நம்மூர் மலையே கருவியின் பாகம் என்று தெரிந்தபோது பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பராமரிப்பில் ஈரம்தான் தலைவலி. கனெக்டர்களில் பச்சை பிடிக்கும். ரப்பர் டேப் சுற்றி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மலிவான சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் இரைச்சல் கிளப்பும் என்பதால் லேப்டாப்பைப் பேட்டரியிலேயே ஓட்டுகிறோம். டாங்கிள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். குளிரில் டாங்கிளின் அதிர்வெண் நகர்ந்தால், அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஹைட்ரஜன் வாயுவின் வேகத்தைக் காணும் டாப்ளர் கணக்கு முழுதும் கெட்டுப்போகும்: வாயு வினாடிக்கு 1 கி.மீ. வேகம் மாறினால் அதன் அலை 4.7 கிலோஹெர்ட்ஸ்தான் நகரும்.

படம் எதிர்பார்க்காதீர்கள். கொம்பின் 70 செ.மீ. வாய்க்குப் பார்வை அகலம் கிட்டத்தட்ட 17 பாகை. கிடைப்பது வரைபடக் கோடு மட்டுமே. ஆனால் அதில் இரண்டு மேடுகள் தெரிந்தால், வெவ்வேறு வேகத்தில் நகரும் வாயுத் திரள்கள் என்று பிளஸ் டூ மாணவி டாப்ளர் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறாள்.