விண்டோஸோடு வரும் பழுதறி கருவிகள்: எதை நம்பலாம், எதை நம்ப வேண்டாம்

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது, தானாக அணைந்து எழுகிறது, நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலான இடங்களில் முதலில் கிடைக்கும் யோசனை "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பதுதான். ஃபார்மட் செய்வதால் சரியாகிவிடும் பழுதுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழுது எதனால் வந்தது என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. கோளாறு மின்சாரத்திலோ ஹார்டு டிஸ்க்கிலோ இருந்தால் சில நாட்களில் அதே தொல்லை திரும்பி வந்து நிற்கும். அதற்குள் குடும்பப் புகைப்படங்களும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் அழிந்துபோயிருக்கும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியாகக் காசு கொடுக்காமலே கிடைக்கும் பழுதறி கருவிகள் பல இருக்கின்றன. அவற்றை என் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். நடந்ததை நடந்தபடி காட்டும் கருவிகள் நம்பத்தக்கவை. "நானே சரிசெய்து தருகிறேன்" என்று முன்வரும் பொத்தான்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. இதுவே என் மதிப்பீடு.

இவற்றில் தலைசிறந்தது ரிலயபிலிட்டி மானிட்டர். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, அதாவது 2007 முதல், இது நம் கணினிகளில் இருக்கிறது. ஆனாலும் கணினியில் நன்கு பழகியவர்களிலேயே பலர் இதைத் திறந்து பார்த்ததில்லை. கன்ட்ரோல் பேனலுக்குள் செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் என்ற பகுதியில் ஒளிந்திருப்பதே காரணம். அத்தனை தூரம் போகத் தேவையில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ரிலயபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி என்று மேலே வந்து நிற்கும்.

திறந்தால் நாள்வாரியாகப் பிரிக்கப்பட்ட ஒரு கட்டமும், அதன் குறுக்கே 1 முதல் 10 வரையிலான மதிப்பில் ஏறி இறங்கும் ஒரு கோடும் தெரியும். மென்பொருள் ஒன்று திடீரென மூடிக்கொண்ட நாளிலும், விண்டோஸே விழுந்துவிட்ட நாளிலும் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும்; எச்சரிக்கைகளுக்கு மஞ்சள் முக்கோணம்; அப்டேட்டுகளும் புதிய மென்பொருள்களும் நிறுவப்பட்ட நாளில் நீல நிறக் குறி. பழுதும் மாற்றமும் ஒரே காலவரிசையில் அடுத்தடுத்துத் தெரிவதில்தான் இந்தக் கருவியின் அருமை இருக்கிறது. திங்கட்கிழமை பிரின்டருக்குப் புதிய டிரைவர் (கருவியை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) நிறுவப்பட்டிருக்கிறது, செவ்வாய் முதல் நாள்தோறும் சிவப்புக் குறி விழுகிறது என்றால், எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எப்போதிலிருந்து இப்படி ஆகிறது?" என்பது கணினி பார்க்கும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி. வீட்டில் உள்ளவர்களின் நினைவில் அதற்குச் சரியான விடை இருப்பது அரிது. இந்தக் கட்டத்தில் இருக்கும்.

என் அக்கா வீட்டு மேசைக்கணினி வேலையின் நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அவர்கள் பகுதியிலுள்ள ஒரு கடையில் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்யப் பரிந்துரைத்திருந்தார்கள். ரிலயபிலிட்டி மானிட்டரைத் திறந்தபோது, சிவப்புக் குறிகள் அனைத்திலும் "விண்டோஸ் முறையாக அணைக்கப்படவில்லை" என்ற ஒரே வாசகம்தான் இருந்தது. எந்த மென்பொருளும் செயலிழந்ததாகப் பதிவு இல்லை. அடுத்து, விண்டோஸ் தனக்குள் நடப்பவற்றை எழுதி வைக்கும் பதிவேடான ஈவென்ட் வியூவரில் அதே நேரங்களைத் தேடினேன். ஒவ்வொன்றிலும் கெர்னல் பவர், எண் 41 என்ற பதிவு இருந்தது. கணினி முறையாக அணையாமல் மீண்டும் எழுந்தது என்பதற்கு மேல் இந்த 41 எதையும் சொல்லாது. அது விளைவின் பதிவே தவிரக் காரணத்தின் பதிவு அல்ல. ஆனால் அதன் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்றொரு வரி உண்டு. அங்கே பூஜ்ஜியம் இருந்தால், நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாவதற்கு முன்பே எல்லாம் நின்றுவிட்டது என்று பொருள். அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரம், கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், சூடு ஆகியவற்றைத்தான். அக்கா வீட்டுப் பதிவுகள் எல்லாவற்றிலும் பூஜ்ஜியமே இருந்தது. கணினியை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்துச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகியதும் தொல்லை நின்றது. யுபிஎஸ்ஸுக்குள் இருந்த 12 வோல்ட் பேட்டரி தேய்ந்து, மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தாலும் கணினியைத் தாங்க முடியாமல் கைவிட்டுக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றியாயிற்று, ஒரு கோப்புகூட அழியவில்லை.

ரிலயபிலிட்டி மானிட்டரிலும் குறைகள் உண்டு. டெக்னிக்கல் டீட்டெயில்ஸ் என்பதை அழுத்தினால் வரும் வரிகள் சாதாரண மனிதருக்குப் புரியாது. அதில் உள்ள கோப்பின் பெயரை இணையத்தில் தேடித்தான் மேலே நகர முடியும். "எல்லாப் பிரச்சினைகளுக்கும் தீர்வு தேடு" என்ற இணைப்பு எனக்கு எதையும் தேடிக் கொடுத்ததில்லை.

ஈவென்ட் வியூவரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் கணினியிலும் அதற்குள் சிவப்பு, மஞ்சள் வரிகள் ஏராளமாக இருக்கும். எண் 10016 கொண்ட பதிவு ஒன்று பெரும்பாலான கணினிகளில் வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று மைக்ரோசாஃப்டே தெரிவித்திருக்கிறது. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசியில் அழைத்து, முதியவர்களை இந்த ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, அந்தச் சிவப்பு வரிகளைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. நாம் அழைக்காமல் மைக்ரோசாஃப்ட் நம்மை அழைக்காது. வீட்டில் பெரியவர்கள் தனியாகக் கணினி பயன்படுத்தினால் இதை அவர்களிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மெதுவாகிவிட்டது என்ற புகாருக்கு டாஸ்க் மேனேஜர் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். டிஸ்க் என்ற பத்தி தொடர்ந்து நூறு விழுக்காட்டில் நிற்கிறதா, மெமரி நிரம்பி வழிகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் கவனிக்காத இடம், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதன் கீழ் உள்ள அப் டைம். நேற்றிரவு கணினியை அணைத்துவிட்டுக் காலையில் போட்டவருக்கு, அது பல நாட்களாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதாக அங்கே காட்டினால் வியப்பாகவே இருக்கும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதிதான் இதற்குக் காரணம். ஷட் டவுன் கொடுக்கும்போது நாம் திறந்தவை மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப எடுக்கப்படுகின்றன. ஒரு டிரைவர் தடுமாறிப் போயிருந்தால் அந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். "அணைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை" என்று சொல்பவர்களிடம் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னால், வைஃபை கிடைக்கவில்லை, ஒலி வரவில்லை என்பன போன்ற பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. இந்த வசதியைக் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் நிறுத்தி வைக்கலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் நிறுத்தினால் இழப்பு சில நொடிகள்தான். எஸ்எஸ்டி பொருத்திய வீடுகளில் நான் அதை நிறுத்தியே வைக்கிறேன்.

அடுத்து, இணையத்தில் எந்தக் கோளாறைச் சொன்னாலும் பரிந்துரைக்கப்படும் எஸ்எஃப்சி, டிஸம் என்ற இரண்டு கட்டளைகள். முதலாவது, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருந்தால் கணினியில் சேமித்து வைத்திருக்கும் நல்ல படியிலிருந்து எடுத்து மாற்றும். அந்தப் படியே சிதைந்திருந்தால் அதைச் சரிசெய்வது இரண்டாவதன் வேலை. தேவையானதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். ஆகவே டிஸம் முதலில், எஸ்எஃப்சி அடுத்து என்பதே சரியான வரிசை. பலர் மாற்றிச் செய்கிறார்கள். மின்வெட்டில் பாதியில் நின்ற அப்டேட்டுக்குப் பிறகு இவை உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் ஒருமுறை சரிசெய்த கோப்புகள் மீண்டும் மீண்டும் சிதைந்தால், குற்றம் விண்டோஸிடம் இல்லை. பெரும்பாலும் கணினியின் தற்காலிக நினைவகமான ராமிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப இதே கட்டளைகளை ஓட்டுவது வீண் வேலை.

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்வதில்தான் விண்டோஸ் மிகவும் பின்தங்கியிருக்கிறது. விண்டோஸ் 11 செட்டிங்ஸில், என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டிகளுக்கு மட்டும் எஞ்சிய ஆயுளும் வெப்பநிலையும் காட்டப்படுகின்றன. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு அதுவும் இல்லை. அதைவிடக் கவலைக்குரியது, சந்தேகம் வந்தவுடன் பலரும் ஓட்டும், டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் என்ற கருவி. மோசமான பகுதிகளைத் தேடும் முறையில் அதை ஓட்டினால் டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் படிக்க முயலும். சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகிவிடக்கூடும். முதலில் கோப்புகளைப் பத்திரமான வேறிடத்துக்கு நகலெடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஓர் இடத்தில் மட்டும் வெளியிலிருந்து ஒரு கருவியைக் கொண்டுவரச் சொல்வேன்: ஜப்பானில் உருவான கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் என்னும் பதிவைப் படித்து, நலம் என்றால் நீலமும், எச்சரிக்கை என்றால் மஞ்சளும், மோசம் என்றால் சிவப்பும் காட்டும். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து உயரத் தொடங்கினால் புதிய டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. சி7 மட்டும் உயர்ந்தால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தரவுக் கேபிளின் கோளாறு, கேபிளை மாற்றினால் போதும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ராமைச் சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது பிழை காட்டினால் நம்பலாம். பிழையில்லை என்று சொன்னால் அதை முடிவான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராம் மீது சந்தேகம் நீங்காவிட்டால் மெம்டெஸ்ட்86 கருவியைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுவதே சரி.

டிரபிள்ஷூட்டர் என்ற பெயரில் செட்டிங்ஸில் இருக்கும் பொத்தான்களுக்கு நான் நல்ல மதிப்பெண் தர மாட்டேன். நெட்வொர்க் அடாப்டரை அணைத்துப் போடுவது, பிரின்டரின் காத்திருப்பு வரிசையைத் துடைப்பது போன்ற எளிய வேலைகளில் எப்போதாவது உதவுகின்றன. மற்ற நேரங்களில் "பிரச்சினையைக் கண்டறிய முடியவில்லை" என்று முடித்துக்கொள்கின்றன. இவற்றுக்கு அடியில் இருந்த எம்எஸ்டிடி என்ற பழைய கருவியிலேயே 2022இல் ஃபொலினா என்று பெயரிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பழுதுபார்க்க வைத்த கருவி வழியாகவே ஒரு வேர்டு கோப்பைக் கொண்டு கணினிக்குள் நுழைய முடிந்தது. அந்தக் கருவியை மைக்ரோசாஃப்ட் ஓய்வுக்கு அனுப்பிவிட்டு கெட் ஹெல்ப் என்ற செயலிக்கு மாறிவருவது நல்ல முடிவு.

விண்டோஸை மறுபடியும் நிறுவும் கடைசிப் படியான ரீசெட் திஸ் பிசி என்பதில் 'கோப்புகளை வைத்துக்கொள்' என்ற தேர்வு பலரை ஏமாற்றுகிறது. ஆவணங்களும் படங்களும் தங்கும். நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களையும் கணக்கு மென்பொருளையும் மீண்டும் நிறுவ வேண்டிவரும். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் சிஸ்டம், ரிக்கவரி பகுதியில் 'விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்' என்ற புதிய தேர்வு வந்திருக்கிறது. இது கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் அனைத்தையும் அப்படியே விட்டுவிட்டு இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவுகிறது. சரிசெய்து தருவதாகச் சொல்லும் பொத்தான்களில் நான் மனமாரப் பாராட்டும் ஒன்று இதுதான். விண்டோஸ் 10இல் இது கிடையாது; அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

இந்த மீட்புக் கருவிகளில் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. இப்போது வரும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. கணினி எழாமல் மீட்புத் திரைக்குப் போகும் நாளில் அது, பிட்லாக்கர் எனப்படும் அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பவை எவராலும் எடுக்க முடியாதவையாகிவிடும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதை எடுத்துத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.