செம்பருத்திப் பூ டீ: தினமும் போட்டுக் குடிப்பவர்களுக்குத் தெரிந்தவை

தோட்டத்துச் செம்பருத்தியில் போட்ட டீ தானாகப் புளிக்காது. கடையில் வாங்கிய பாக்கெட்டைக் குடித்துப் பழகியவர்கள் வீட்டுப் பூவில் போட்டுப் பார்த்துவிட்டு, ‘சப்பென்று இருக்கிறதே’ என்று விட்டுவிடுவது இதனால்தான். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் வேறு செடி, புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்தது. அதில் இருப்பது பூவிதழும் அல்ல. பூ உதிர்ந்தபின் காயை மூடிப் பருத்து நிற்கும் சிவப்பு மடல்களைத்தான் காயவைத்து விற்கிறார்கள். எகிப்திலும் சூடானிலும் கர்க்கடே என்று குடிப்பதும் அதுவே. நம் வேலியோரப் பூவுக்கு வாசனைகூடப் பெரிதாகக் கிடையாது. நிறமும் லேசான துவர்ப்பும்தான் அதன் சொத்து. அவை இரண்டும் கெடாமல் இறக்கினால் அருமையான டீ.

ஐந்து இதழ் ஒற்றைச் சிவப்புப் பூதான் இதற்கு ஏற்றது. அடுக்குப் பூவிலும் போடலாம், ஆனால் மடிப்புக்குள் எறும்பும் மாவுப்பூச்சியும் ஒளிந்துகொள்ளும், அலசி மாளாது. வெள்ளையிலும் மஞ்சளிலும் இந்தச் சிவப்பு கிடைக்காது. நர்சரியிலிருந்து வாங்கிவந்த புதுச்செடியில் பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்புண்டு. முதல் இரண்டு மூன்று மாதப் பூக்கள் சாமிக்கு மட்டும் போகட்டும்.

ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மி.லி. தண்ணீருக்கு, நான்கைந்து பூ. அடியிலுள்ள பச்சைப் பகுதியையும் நடுவில் நீளும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடுங்கள். தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இதழைப் போட்டு மூடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் கருஊதாவாகும். உடனே வடிகட்டிவிட வேண்டும்.

கொழகொழப்புதான் பலருக்கும் வரும் தொல்லை. தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையை அரைத்தால் வருகிற அதே வழவழப்பு பூவிலும் இருக்கிறது. பச்சைப் பகுதியை நீக்காதது, அடுப்பிலேயே பத்து நிமிடம் கொதிக்கவிட்டது, வடிகட்டும்போது கரண்டியால் அழுத்திப் பிழிந்தது: மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். நீண்ட கொதியில் நிறமும் செத்துப் பழுப்படிக்கும்.

அடுத்தது தண்ணீர். பள்ளியில் செம்பருத்திச் சாற்றை அமிலம், காரம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது நினைவிருக்கும். அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை. டம்ளருக்குள் நடப்பதும் அதுதான். உப்புக் கலந்த போர் தண்ணீரில் போட்டால் டீ அழுக்கு நீலமாக, சில ஊர்களில் பச்சை கலந்த சாம்பல் நிறமாகவே வரும். பூ கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள், பாவம். எலுமிச்சை விட்டாலே சிவந்துவிடும். ஆனாலும் அந்தத் தண்ணீரின் சுவை பின்னால் நிற்கும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ நல்லது. இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும்.

எலுமிச்சைச் சாறு அரை முதல் ஒரு தேக்கரண்டி, வடிகட்டிய பிறகு, கொஞ்சம் ஆறவிட்டு. கொதிநீரில் பிழிந்தால் வாசனை போய்விடும். இனிப்புக்குப் பனங்கற்கண்டு பொருத்தம். நாட்டுச்சர்க்கரை நிறத்தை மங்கடிக்கும், வெல்லம் பூவின் துவர்ப்பையே மூடிவிடும். ஒரு ஏலக்காய் அல்லது தட்டிய இஞ்சி சேர்ப்பதென்றால் தண்ணீர் கொதிக்கும்போதே போடுங்கள். பால் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை, எலுமிச்சையோடு சேர்ந்தால் திரியும்.

உலர்த்தி வைப்பதற்கு நிழல் அவசியம். வெயிலில் காய்ந்த இதழில் நிறம் வெளிறிவிடும். துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினால் மூன்று நான்கு நாளில் நொறுங்கும் பதம் வரும். மழைக்காலத்தில் இதை முயல வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில், வெளிச்சம் படாமல் இரண்டு மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும். ஒரு டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி நிறைய வேண்டும், ஊறும் நேரம் ஏழு நிமிடம்.

இரத்த அழுத்தம் குறையும் என்று சொல்லி இதைக் குடிக்கத் தருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010இல் அமெரிக்காவில் 65 பேரிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பை குடித்தவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 7.2 அலகு குறைந்தது. ஆனால் அங்கே பயன்பட்டது அந்தப் புளிச்சக்கீரை வகை. தோட்டத்துப் பூவுக்கு அதே எண்ணைப் பொருத்திப் பேசக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் தவிர்ப்பதே சரி. அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

கோடையில் குளிரவைத்துக் குடிக்க, இதழை இரு மடங்காக்கி, வடித்து, ஆறியதும் எலுமிச்சை விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐஸ் கரைந்தால் நீர்த்துப்போகும் என்பதால்தான் அந்த இரு மடங்கு.