பகிர்ந்த சாவியா, டிஜிட்டல் கையொப்பமா?

மைய சர்வரிலிருந்து பதினான்கு கிளைகளின் கணினிகளுக்கு அன்றாட விலைப்பட்டியல் அனுப்பும் ஏற்பாட்டை நான் கவனித்து வருகிறேன். பட்டியல் எங்களிடமிருந்துதான் வந்தது என்பதையும், வழியில் ஓர் எண்கூட மாறவில்லை என்பதையும் கிளைக் கணினி தானே உறுதி செய்ய வேண்டும். முதலில் இதற்குப் பகிர்ந்த சாவியால் முத்திரையிடும் எச்மேக் (HMAC) முறையை வைத்திருந்தோம்; சென்ற ஆண்டு எட்25519 (Ed25519) என்ற டிஜிட்டல் கையொப்ப முறைக்கு மாறினோம்.

1997இல் ஆர்.எஃப்.சி 2104 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த எச்மேக் முறையில் இரு தரப்பும் ஒரே இரகசியச் சாவியை வைத்திருக்கும். சாவியும் செய்தியும் சேர்ந்து, எந்தத் தரவையும் நிலையான நீளமுள்ள சுருக்கமாக மாற்றும் ஷா-256 என்ற கணக்கீட்டின் வழியாக 32 பைட் முத்திரையாகும். அதன் வேகத்திலோ வலிமையிலோ எனக்குக் குறை எதுவும் இல்லை.

எங்களை மாறவைத்தது சாவிப் பராமரிப்பு. முத்திரையைச் சரிபார்க்கும் சாவியாலேயே முத்திரை இடவும் முடியும் என்பதால், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சாவியைக் கொடுத்தால் ஒரு கணினி பறிபோனாலும் மற்ற பதின்மூன்று கிளைகளுக்கும் பொய்ப் பட்டியல் அனுப்பிவிடலாம். தனித்தனிச் சாவி கொடுத்தால் பதினான்கு இரகசியங்களையும் மையத்தில் காத்து, ஒரே பட்டியலுக்குப் பதினான்கு முத்திரைகள் இட வேண்டும். நாங்கள் ஒரே சாவியை வைத்திருந்தோம். பழுதுபார்க்கக் கொடுத்த கணினி ஒன்றின் வட்டில் அது அழிக்கப்படாமலே போய்விட்டது தெரிந்ததும், அன்றிரவே எல்லாக் கிளைகளிலும் சாவியை மாற்ற வேண்டியதாயிற்று.

2011இல் பெர்ன்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட எட்25519இல் கையொப்பமிடும் தனிச்சாவி எங்களிடம் மட்டுமே இருக்கும். கிளைகளில் இருப்பது கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும் 32 பைட் பொதுச்சாவி. அது திருடுபோனாலும் அதைக்கொண்டு 64 பைட் கையொப்பத்தைப் போலியாக உருவாக்க இயலாது. ஆனால் அந்தப் பொதுச்சாவி முதன்முறை சரியாகப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் நேரில் சென்று பதிவேற்றினோம். வேறொரு கையொப்ப முறையைப் பயன்படுத்திய சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக இருக்க வேண்டிய எண் மாறாமலே இருந்ததால் தனிச்சாவியையே கணக்கிட்டுவிடலாம் என்று 2010இல் அம்பலமானது. எட்25519 அந்த எண்ணைச் சாவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் கணிப்பதால் அந்தப் பிழைக்கு இடமில்லை.

ஒரே குழுவின் கையில் இருக்கும் இரண்டு சர்வர்களுக்கு இடையே என்றால் இன்றும் எச்மேக்கையே வைப்பேன். பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளில் கையொப்பத்தை நான் இயக்கிப் பார்த்ததில்லை. அங்கே என் தேர்வு பொருந்தாமலும் போகலாம். பெரிய குவாண்டம் கணினி வந்தால் எட்25519 உடையும், எச்மேக் பெரும்பாலும் தாங்கும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நேற்றைய உண்மையான பட்டியலையே இன்று ஒருவர் மறுபடி அனுப்பினால் இரண்டு முறைகளுமே ஏற்றுக்கொள்ளும். அதனால் வரிசை எண்ணையும் பட்டியலுக்குள் வைத்தே கையொப்பமிடுகிறோம். கடைசியாக ஏற்ற எண்ணைத் தாண்டாத எதையும் கிளைக் கணினி தள்ளிவிடும்.