கையால் கட்டிய சைக்கிள் பேட்டரி: திருவொற்றியூர் உப்புக்காற்றில் எப்படித் தாங்குகிறது?

36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) மாட்டிய சாதாரண சைக்கிள். அதற்கு நானே கட்டிய லித்தியம் பேட்டரியை 2022 கடைசியிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை நாளெல்லாம் வட சென்னைக் கடலோரத்துத் திருவொற்றியூரிலிருந்து மண்ணடிக்குப் போய்வர இருபது கிலோமீட்டர் சொச்சம். பேட்டரி கட்டச் சொல்லித்தரும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நாலு மழையும் ரெண்டு அக்னி நட்சத்திரமும் பார்த்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுபவர்கள்தான் குறைவு.

பெரும்பாலானோர் 18650 அளவு என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகை லித்தியம்) செல்களைத்தான் எடுப்பார்கள். எடை குறைவு, இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். நான் எடுத்தது 32700 அளவு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். நாங்கள் இருப்பது மாடி வீடு. நாலு குடும்பத்துக்கும் ஒரே குறுகலான படிக்கட்டு. இங்கே ரெண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவதைவிட, சூட்டை அதிகம் தாங்கும் வேதியியல்தான் முக்கியம் என்று பட்டது. எல்எஃப்பி எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்எம்சி அளவுக்குச் சுலபமாகச் சூடேறிக் கட்டுமீறாது, அவ்வளவுதான்.

தொடராக 12, இணையாக 2, மொத்தம் 24 செல். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. ஆக 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, சுமார் 460 வாட்-மணி. இதே அளவு என்எம்சி பேக்கைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடுதல் கனம். மாடிப்படி ஏறும்போது அந்த ஒரு கிலோ தெரியும்.

சார்ஜர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. என் பேக்குக்கு 43.8 வோல்ட் சார்ஜர். வழக்கமான 36 வோல்ட் என்எம்சி பேக்குக்கு 42 வோல்ட். பார்க்க ரெண்டும் ஒன்றுபோல இருக்கும், செருகும் பின்கூடப் பல நேரம் ஒன்றேதான். 42 வோல்ட் சார்ஜரை என் பேக்கில் செருகினால் கொஞ்சம் குறைவாக ஏறும், ஆபத்தில்லை. என் சார்ஜரை நண்பனின் என்எம்சி பேக்கில் செருகினால் செல்லுக்கு 4.38 வோல்ட் போகும். 4.2-க்கு மேல் போகவே கூடாத செல் அது. அங்கே நல்ல பிஎம்எஸ் (செல்களின் வோல்ட்டைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) இருந்தால் தடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிச் செருகக் கூடாது. அதனால் என் சார்ஜரின் பின்னையே வேறு வகையாக மாற்றிவிட்டேன்.

செல் வாங்கியது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில். "புது செல்லுதான்ணே" என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். நான் பார்ப்பது செல்லின் முனையை. பழைய வெல்டிங் புள்ளிகளைத் தேய்த்து அழித்த தடம் இருந்தால், மேலே உறை மட்டும்தான் புதுசு. செல்களை இணைக்க வெல்டிங் செய்யும் நிக்கல் பட்டையிலும் இதே கதைதான். இரும்பின்மேல் நிக்கல் பூசியதை அசல் நிக்கல் என்று தருவார்கள். சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தால் துரு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர்கூட வேண்டாம், மொட்டை மாடியில் வைத்தாலே போதும்.

அந்த உப்புதான் இந்த அனுபவத்தின் மையம். செல்கள் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் இணைப்புகள்தான். ஒரு சமயம் சார்ஜ் முழுதாக ஏறாமல் பாதியிலேயே நிற்க ஆரம்பித்தது. பிஎம்எஸ் ஆப்பில் ஒரு வரிசையின் வோல்ட் மட்டும் மேலும் கீழும் குதித்தது. செல் கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மல்டிமீட்டரை நேராகச் செல்லின் முனையில் வைத்தால் மற்றவற்றைப்போல அதுவும் ஒழுங்காகக் காட்டியது. அந்தச் செல்லிலிருந்து வரும் கம்பி பிஎம்எஸ்ஸுக்குள் போகும் பிளக்கில் வைத்தால் வேறு எண். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், பின்னில் பச்சைக் களிம்பு. அந்தத் தடையால் பிஎம்எஸ் தப்பாக அளந்து, செல் நிறைந்துவிட்டது என்று நினைத்துச் சார்ஜை நிறுத்தியிருக்கிறது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடியதும் சரியாகிவிட்டது. கடலோரம் இருப்பவர்கள் செல்லைக் குறை சொல்லித் தூக்கிப் போடுமுன் இந்த ரெண்டு இடத்திலும் அளந்து பாருங்கள்.

காற்று புகாமல் பெட்டியை முழுக்க மூடினால் தீர்ந்தது என்பார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியின்றி மூடியின் அடியில் முத்து முத்தாக நின்றது. இப்போது மேலிருந்து தண்ணீர் வராதபடி மூடி, அடியில் சின்ன ஓட்டை, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். இதுதான் ஒத்துவருகிறது.

அடுத்த எதிரி ரோடு. கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் தினமும் குலுங்கினால் வெல்டிங் விட்டுப்போகும். செல்களைப் பிளாஸ்டிக் தாங்கியில் இறுக்கிப் பெட்டிக்குள் நாலு பக்கமும் ஃபோம் வைத்திருக்கிறேன். வெறும் சூட்டுப் பசையால் ஒட்டிய பேக்குகளில் அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பசை இளகியதைப் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சைக்கிள் தண்ணீரில் நின்றது, பேட்டரி மாடியில் இருந்தது. கழற்றி எடுத்துப்போகும்படி கட்டியதற்கு அன்றைக்குத்தான் முழுப் பலன் கிடைத்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் வோல்ட் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, அக்கம்பக்கத்துப் போன்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் சார்ஜ். "இன்னாப்பா, வெடிச்சிடப் போவுது" என்று அதுவரை பயந்த கீழ்வீட்டு அக்காவும் போனோடு வந்தார்.

எரிச்சல் ஒன்று சொல்ல வேண்டும். கைப்பிடியில் இருக்கும் கட்டை கட்டையான பேட்டரி மீட்டர் எல்எஃப்பிக்குச் சுத்த தண்டம். வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காது, இறங்கினால் சடாரென்று விழும். ஆப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மிதித்துக்கொண்டே போனால் ஆரம்பத்தில் 40 கிலோமீட்டர் தாராளமாக வந்தது, இப்போது 35-ஐ ஒட்டி. முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் சொச்சம் மின்சாரம். மோட்டார் 250 வாட்டும் வேகம் 25 கிலோமீட்டரும் தாண்டாததால் பதிவு எண் தொல்லை இல்லை.

செலவு? சார்ஜர், பிஎம்எஸ், பெட்டி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் போனது. ஸ்பாட் வெல்டர் தனி. கடையில் விற்கும் பேக்கோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம் கிடையாது. பிரித்துப் பார்க்கவும் ரிப்பேர் செய்யவும் முடிகிறது என்பதுதான் லாபம். மாசம் ஒருமுறை பெட்டியைத் திறந்து மீட்டர் பிடிக்கப் பொறுமை இல்லாதவருக்கு அந்த லாபமும் இல்லை.

கொடுங்கையூரில் இருக்கும் மச்சான் தனக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். அவன் வீட்டில் சார்ஜ் போட ஒரே இடம் வாசல் கதவுக்குப் பக்கம். தீப்பிடித்தால் வெளியே வர அந்த ஒரு வழிதான். சார்ஜுக்கு வேறு இடம் பார்த்துவிட்டு வா, அப்புறம் செல் வாங்கப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். கடை மாடியில் கேட்டுப் பார்க்கிறானாம்.