முங்கோவில் பன்றியா, புகைமீனா?

பிலிப்பைன்ஸில் 'கினிசாங் முங்கோ' எனும் பச்சைப்பயறுக் குழம்பு பெரும்பாலும் வெள்ளிக்கிழமைச் சமையல். தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாததால் வந்த பழக்கம். அன்றைக்குத் 'தினாப்பா' எனும் புகைமீன்தான். முள் எடுத்து உதிர்த்து, பாதியைப் பூண்டு, வெங்காயம், தக்காளியோடு வதக்கி, மீதியைக் கடைசியில் தூவினால் புகைவாசம் குழம்பு முழுக்க இறங்கும். மீனிலேயே உப்பு உண்டு. 'பாத்திஸ்' எனும் மீன்சாற்றைச் சுவைபார்த்து ஊற்றுங்கள்.

பன்றி வேறு ரகம். துண்டுகளை வறுத்து, உருகும் கொழுப்பிலேயே தாளிக்க வேண்டும். குழம்பு கனமாக, வழவழப்பாக வரும், நேரமும் கூடுதல். ருசிதான், ஆனால் பயறு பின்னால் போய்விடுகிறது. என் ஓட்டு புகைமீனுக்கே.

எதுவானாலும் இறக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. ஆமாம், அங்கேயும் அதேதான்!