கடற்கரையில் கீரை தேட செடி அடையாளச் செயலி: மூன்று நட்சத்திரம்தான்

படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றை ஒரு வருடமாகக் கடற்கரையில் மட்டும் வைத்துப் பயன்படுத்திப் பார்த்தேன். தோட்டச் செடிகளுக்கு இது எப்படி என்று எழுதப் போவதில்லை. பறித்துச் சமைக்க நினைப்பவர் இதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பூ இருந்தால் நன்றாகவே சொல்கிறது. ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்த இலை என்பதால் அடப்பங்கொடியைப் பூ இல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் உப்பையும் காற்றையும் தாங்க வேண்டிய செடிகள் பலவும் தண்ணீரைச் சேமித்துத் தடித்த இலையோடு, சிவந்த தண்டோடு, மணலில் படர்ந்துதான் வளர்கின்றன, படத்தில் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். செசுவியம் (உப்பு மண்ணில் படரும் ஒரு செடி), சாரணை, பருப்புக்கீரை மூன்றையும் இது மாற்றி மாற்றிச் சொன்னது. பருப்புக்கீரையின் மஞ்சள் பூ வெயிலில் சில மணி நேரம்தான் விரியும் என்பதால், ஒரே செடிக்குக் காலையில் ஒரு பெயர், மாலையில் இன்னொரு பெயர். இரண்டு தடவையும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உறுதி என்று காட்டியது! அந்தச் சதவீதம் தன்னிடம் உள்ள படங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கான கணக்கு மட்டும்தான், சாப்பிடலாமா என்பதற்கான பதில் அது இல்லை.

கணுவைப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். சாரணையில் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. செசுவியத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, பூ இளஞ்சிவப்பு நட்சத்திரம். செயலி கணுவைப் படம் எடுக்கச் சொல்வதே இல்லை.

என் பெரிய குறை பால் பற்றியது. ஒரு நாள் பருப்புக்கீரை என்று காட்டிய செடியின் தண்டைக் கிள்ளினேன், வெள்ளையாகப் பால் வந்தது. பருப்புக்கீரையில் பால் கிடையாது. அது தரையில் படரும் ஒரு யூபோர்பியா, நச்சுப் பால் உள்ள கள்ளி இனம். செயலியை மட்டும் நம்பியிருந்தால் அது சட்டிக்குப் போயிருக்கும். அதற்காக எதைக் கண்டாலும் கிள்ளிவிடாதீர்கள். அலையாத்திக் காட்டில் நிற்கும் தில்லை மரத்தின் பால் தோலைக் கொப்புளமாக்கும், கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போகும். தில்லையின் பெயரைச் சரியாகத்தான் சொன்னது, எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. உதளை மரத்துக்கும் அப்படியே. அதன் காய் சின்ன மாங்காய் மாதிரி பச்சையாக இருக்கும், உள்ளிருக்கும் பருப்பின் நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும். இதைச் சிவப்பு எழுத்தில் முதல் திரையிலேயே போட வேண்டாமா?

அப்புறம், சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யாது. படங்களைச் சேமித்து வைத்துப் பிறகு தேடலாம், அது உதவியாக இருந்தது. செடி நிற்கும் இடத்துக்குச் சாக்கடை வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். உவர்நிலச் செடிகள் பலவும் சாக்கடையில் வரும் ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினால் போகாது.

நான் இதை அழிக்கவில்லை. பெயர்களை இரண்டு மூன்றாகக் குறைத்துக் கொடுக்கிறது, மீதியைப் பத்து மடங்கு லென்ஸும் செடி தெரிந்தவர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். பூத்துக் காய்த்து நான் முழுதாகப் பார்த்த செடிகளை மட்டும்தான் சமைக்கிறேன், இப்போதைக்கு அவை மூன்றுதான். அடுத்த பதிப்பில் "கிள்ளினால் பால் வருமா?" என்ற கேள்வியும், கிள்ளவே கூடாத செடிகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கையும் வந்தால் நான்காவது நட்சத்திரம் தருவேன்.