குறுக்கே நடக்கிறவர்களை என்ன செய்வது: வேலியா, சுவரா, வழி விடுவதா?

காலி இடம் என்றால் தடம் விழத்தான் செய்யும். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று யாருடைய காலும் கேட்பதில்லை. ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போட்டுவிட்டு வேறு எங்கேயோ வேலை பார்க்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால், மூலைக்கு மூலை புல் முளைக்காமல் வெளுத்துப்போன ஒற்றையடிப் பாதை ஒன்று பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். தோட்டக்காரர்களுக்கு இது இன்னும் பழைய தலைவலி. கொங்குப் பக்கம் இரண்டு தோட்டத்துக்கு நடுவில், இருபுறமும் கிளுவை வேலி வைத்து விட்ட இட்டேரிகள் இருந்தவரை ஆளும் மாடும் அதில் போய்க்கொண்டிருந்தன. அந்த இட்டேரிகளைப் பல இடங்களில் பக்கத்துத் தோட்டங்களே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன, இப்போது நடக்கிறவன் வரப்பில் ஏறுகிறான். அவனை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். முள்ளை வெட்டிப் போடு, சுவரை எழுப்பு, ஸ்டேஷனுக்குப் போ, போனால் போகிறார்கள் விடு. இவற்றை எடை போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவு. நடந்து போகிறவர்களை முழுக்க அடைப்பதைவிட, நீங்கள் சொல்லும் ஓரத்தில், நீங்கள் கொடுத்த அனுமதியின் பேரில் நடக்க விடுவதுதான் செலவிலும் சட்டத்திலும் லாபம். வண்டி, மாடு, டிராக்டர் என்றால் கதை வேறு, அங்கே வேலி போட்டே ஆகவேண்டும்.

எதைச் செய்வதற்கும் முன்னால் புலப்படத்தை, அதாவது உங்கள் நிலத்தை அளந்து போட்ட சர்வே வரைபடத்தை, எடுத்துப் பாருங்கள். எஃப்.எம்.பி. என்பார்களே, அதுதான். அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதில் உங்கள் புல எண்ணுக்குள் வண்டிப்பாதையோ நடைபாதையோ காட்டப்பட்டிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும். கிரயப் பத்திரத்தையும் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். 'மாமூல் தடப் பாத்தியம் சகிதம்', அதாவது வழக்கமாகப் போய்வரும் வழி உரிமையோடு, என்று யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் அது அவர்களுடைய உரிமை, குறுக்குவழி இல்லை. லேஅவுட் மனை என்றால் அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் ரோடு, பூங்கா இடம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து எல்லைக்கல் நட்டுக்கொள்ளுங்கள். கல் இல்லாமல் போட்ட வேலி, பாதைச் சண்டையை எல்லைச் சண்டையாக மாற்றிவிடும். இரண்டாவது சண்டை முதலாவதைவிட நீளம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயானத்துக்கும் கோயிலுக்கும் ஊரே காலங்காலமாகப் போகும் பாதை வழக்காறு சார்ந்தது. அதைக் குறுக்குவழியோடு சேர்த்து அடைக்கப் பார்க்கக்கூடாது. பட்டியல் சாதி மக்கள் பொது இடத்துக்குப் போகும் வழக்கமான வழியை மறித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம். முதலாவது, நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது: ஒன்றும் சொல்லாமல் இருப்பது. பக்கத்து வீட்டுக்காரர், தினமும் முகத்தில் விழிக்கிறவர், எதற்கு வம்பு என்று விட்டுவிடுவோம். காசு செலவில்லை, மனக்கசப்பும் இல்லை. ஆனால் நாளாக நாளாகச் சிக்கல் வளரும் வழி இதுதான். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிப் பேசும் 1882ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஒருவர் 20 வருடம் சண்டை சச்சரவு இல்லாமல், வெளிப்படையாக, தன் உரிமை என்ற எண்ணத்தில், இடைவிடாமல் ஒரு வழியைப் பயன்படுத்திவந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகும் என்கிறது. அரசு நிலம் என்றால் 30 வருடம். 12 வருடம் என்று பலர் சொல்வது நிலத்தையே கைப்பற்றி அனுபவிப்பதற்கான கணக்கு, நடப்பதற்கானது இல்லை. "எங்கப்பாரு காலத்துல இருந்து இப்படித்தானுங்க போறோம்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாதாரணமாகச் சொல்வது நமக்குப் பேச்சு, வக்கீல் காதுக்கு வழக்கு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் முகத்தைச் சுளிப்பது என்று நினைத்துவிட வேண்டாம், அனுமதி கொடுப்பதுதான் எதிர்ப்பக்கம். அனுமதி வாங்கி நடக்கிறவர் 50 வருடம் நடந்தாலும் உரிமை கோர முடியாது, ஏனென்றால் அவர் நடப்பது உங்கள் தயவில். நீங்கள் நினைத்தால் அந்த அனுமதியைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். அனுமதியை நம்பி அவர் காசு போட்டு நிரந்தரமாக எதையாவது கட்டிவிட்டால்தான் அதில் சிக்கல் வரும். அதனால் தடத்தில் அவர் காங்கிரீட் போட வந்தால் அன்றைக்கே தடுத்துவிடுங்கள். மற்றபடி ஒரு வெள்ளைத்தாளில், இன்னார் நிலத்தின் வடக்கு ஓரத்தில் மூன்றடி அகலத்தில் நடந்து போய்வர உரிமையாளரின் அனுமதி பெற்றிருக்கிறேன் என்று எழுதி, கையெழுத்தும் இரண்டு சாட்சியும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேர வேலை. கையெழுத்துப் போட மறுக்கிறாரா? அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான், அவர் மனதில் உரிமை எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம்.

கேட்கிற விதத்தில் இருக்கிறது எல்லாம். "மாமா, நீங்க போறதுல ஒண்ணுமில்லீங்க, நடுக்காட்டுல மிதிச்சா வெள்ளாமை போகுது, ஓரமாப் போயிக்கோங்க, நாளைப்பின்னே பசங்களுக்குள்ள தகராறு வரக்கூடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம்" என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதும், வேலி ஓரம் நின்று கத்துவதும் ஒன்றாகிவிடுமா? உள்ளூர்க்காரர் என்றால் பேச்சு, முன்பின் தெரியாதவர்கள் நடக்கிற டவுன் மனை என்றால் போர்டு. 'இது தனியார் இடம், அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற போர்டைப் பார்த்து யாரும் திரும்பிப் போனதாக நான் பார்த்ததில்லை. ஆனாலும் வையுங்கள், போட்டோ எடுத்தும் வையுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான் அதன் பயன்.

அடைப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு நாலைந்து வகை இருக்கிறது. மலிவானது முள். சீமைக்கருவேலத்தை வெட்டித் தடத்தின் வாயில் போட்டுவிடுவது. ஒரு வாரம் தாங்கும். அதற்குள் யாரோ ஒருவர் கவட்டைக் கொம்பால் ஓரமாகத் தள்ளி, ஆள் நுழையும் அளவுக்குச் சந்து பண்ணியிருப்பார். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, மேலே சொன்ன 20 வருடக் கணக்கை இந்த முள் முறிக்கவே முறிக்காது. நடக்கிறவர் தடை இருப்பது தெரிந்தும், ஒரு வருடம் அதற்கு அடங்கி நடப்பதை நிறுத்தியிருந்தால்தான் சட்டம் அதை இடையூறு என்று ஏற்கும். தள்ளிவிட்டு மறுநாளே நடந்தார் என்றால் கணக்கு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுப்பது. ஏக்கர் கணக்கில் நிலம் இருப்பவர்களுக்கு நடைமுறையில் இதுதான். மாடு நிற்கும், வண்டி நிற்கும். மனுஷன்? தடம் வேலியைத் தொடும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கீழ்க் கம்பியைக் காலால் அழுத்தி அழுத்தித் தொய்ய விட்டிருப்பார்கள், மேல் கம்பியைத் தூக்கிப் பழைய சேலைக் கிழிசலால் அதற்கும் மேலுள்ள கம்பியோடு கட்டியிருப்பார்கள், முள் கிழிக்காமல் இருக்க அந்த இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அவ்வளவு பக்குவமாகக் கடவு தயாராகியிருக்கும். கம்பியை மறுபடி இழுத்துக் கட்டினால் அடுத்த தடவை கட்டிங் பிளேயர் வரும். அதே கல்லில் முள்கம்பிக்குப் பதிலாகச் சங்கிலி வலை அடித்தால் நுழைவது கஷ்டம், நாயும் ஆடும்கூட நிற்கும், ஆனால் செலவு நன்றாகவே ஏறும். வலை வீட்டு மனைக்குச் சரி, தோட்டம் முழுக்க அடிப்பதற்குக் கட்டுப்படியாகாது.

உயிர்வேலி எனக்குப் பிடித்தது, மறைக்கவில்லை. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, நெருக்கமாக நட்டுவிட்டால் செலவு ஆள் கூலி மட்டும்தான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைத், தலைமுறை தலைமுறையாகக் காப்பது இந்த வேலிதான். தழை ஆட்டுக்கு ஆகும், வருடம் ஒருமுறை கவாத்துப் பண்ணினால் இன்னும் அடர்ந்து வரும், கரையான் அரிக்க அதில் காய்ந்த மரம் இல்லை. குறை என்னவென்றால் ஆள் நுழையாத அளவுக்கு அடர இரண்டு மூன்று வருடமாகும், அதுவரை அந்தத் தடத்து வாயில் நட்ட போத்துதான் மிதிபட்டு முதலில் சாகும். ஆகவே அங்கே மட்டும் நாலு கல்லும் கம்பியும், மற்ற இடமெல்லாம் கிளுவை என்று கலந்து செய்வது புத்திசாலித்தனம். ஆனால் ஐந்து சென்ட் மனைக்கு உயிர்வேலி யோசனை சொல்கிறவர்களை நம்பாதீர்கள், வேலி அகலமே இடத்தில் பாதியைத் தின்றுவிடும்.

மனைக்குக் காம்பவுண்டுச் சுவர்தான் கடைசி பதில், அதில் இரண்டாவது கருத்து இல்லை. கட்டிவிட்டால் அன்றைக்கே நடமாட்டம் நின்றுவிடும். ஆனால் எப்படியும் வீடு கட்டப்போகிறீர்கள் என்றால் இப்போது முழுச் சுவர் எழுப்பி, பிறகு செங்கல் லாரி உள்ளே வர அதையே இடிப்பது வீண். அஸ்திவாரத்தோடு மூன்றடி உயரம் எழுப்பிவிட்டு விட்டாலே குறுக்கு நடை முக்கால்வாசி நின்றுவிடும், காரணம், குறுக்குவழியில் போகிறவருக்கு மிச்சமாவது ஒரு நிமிஷம்தான், ஏறிக் குதிப்பதாக இருந்தால் அதில் லாபமில்லை. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்து எடுக்க ஏறினால் யார் பதில் சொல்வது? வேலியில் நேராக லைன் கரண்டைக் கொடுக்கிற பேச்சு அதைவிட மோசம், அது குற்றம், ஆள் செத்தால் ஜெயில்தான்.

முழுக்க அடைப்பதற்கும் சும்மா வழி விடுவதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் என் ஓட்டு. தடத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி, எல்லையை ஒட்டி மூன்றடி விட்டு, அதற்கு உள்பக்கமாக வேலி போட்டு, வாயில் ஆள் மட்டும் நுழையும் சின்ன கேட் வைப்பது. பூட்ட வேண்டாம், சாத்தி வைத்தால் போதும். எக்ஸெல் வண்டியில் கேனை மாட்டிக்கொண்டு வருகிற பால்காரர் அதில் நுழைய முடியாது, ரேஷன் பையோடு வருகிற பாட்டி நுழையலாம். மிதிக்கப்படுவது இடத்தில் மிகச் சின்னப் பங்குதான், கம்பியை அறுக்க யாருக்கும் தேவையும் இல்லை. ஏற்கெனவே 20 வருடம் தாண்டி உரிமை வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் இது செல்லும். அவருக்கு நஷ்டமில்லாத பட்சத்தில், பாதையைக் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க நில உரிமையாளருக்கு அதே வசதியுரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. நடக்க வந்த உரிமை வண்டி ஓட்டும் உரிமை ஆகாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது, இதைப் பக்கத்துக்காரர் கார் வாங்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் பேரம் பேசவே வழியில்லை. பாகப்பிரிவினையில் உடைந்த நிலத்தில், பின்பக்கத்துப் பங்குக்காரருக்கு உங்கள் பங்கு வழியாக வந்தாலொழிய வேறு வழியே இல்லை என்றால், அவருக்கு 20 வருடம் தேவையில்லை, பிரித்த நாளிலிருந்தே உரிமை உண்டு. வேறு வழி இருக்கிறது, சுற்றிப்போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் குறை என்றால் அந்த உரிமை கிடையாது.

போலீஸா கோர்ட்டா? ஸ்டேஷனில் பெரும்பாலும் புகார் வாங்கியதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவிலும், பழைய சட்டம் போலவே, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு கொடுக்கவோ எண்ணி நுழைந்தால்தான் அது குற்ற அத்துமீறல். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அந்த எண்ணம் எங்கே இருக்கிறது? வேலியை அறுத்தார், அடிக்க வந்தார் என்றால் போங்கள். முன்சீப் கோர்ட்டில் தடையாணை கேட்டு வழக்குப் போடலாம், கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் வந்து தடத்தை அளந்து அறிக்கை கொடுப்பார், அப்புறம் வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடும். எதிராளி உரிமை கோரி ஊரைக் கூட்டும் நிலைமை வந்துவிட்டால் இதைத் தவிர்க்க முடியாது.

அதற்கு முன்னால் இருக்கும் ஒரு படியை ஏனோ யாரும் சொல்வதில்லை. தாலுகா கோர்ட் வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குப் போடாமலே ஒரு மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி, ஒத்துவந்தால் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு எழுதிக் கொடுப்பார்கள். அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மேலே சொன்ன மூன்றடி ஓரத்தை, அகலத்தோடும் திசையோடும் வண்டிக்கு இல்லை என்ற வரியோடும் அதில் எழுத வைத்துவிட்டால், பக்கத்துத் தோட்டம் நாளைக்கு வேறு கைக்கு விற்கும்போது புதிதாக வருகிறவரிடம் காட்டவும் அது உதவும்.